பதினேழாம் எண் ரிவால்வரும் ‘காரணம்’ என்ற கட்டமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஆயுத அறையிலிருந்து போன் வந்தது. பேசியவர் சுடலைமுத்து. எனக்குப் பிறகு அங்கே ஆர்மரராக வந்திருப்பவர். ஆர்மரர் என்றால் காவல் துறையின் துப்பாக்கிகளைச் சோதித்து, பழுது பார்த்து, ‘இது சுடத் தகுதியானது’ என்று கையெழுத்துப் போடுபவர். இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை.

“ஏட்டையா, ரிவால்வர் பூராத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. இனிமே பிஸ்டல்தான். உங்க பழைய பதிவேட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். எல்லாம் உங்க கையெழுத்து. ஒரே ஒரு கட்டத்துல மட்டும் வேற யாரோ எழுதியிருக்காங்க. நாலாம் நம்பர் ரிவால்வர் பக்கத்துல, ‘காரணம்’னு இருக்குல்லா, அந்தக் கட்டம். அது யாரு எழுத்து?”

“போன்ல சொல்லுத கதை இல்ல. எழுதியே தருதேன்” என்றேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வாரத்தின் குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காவலராகச் சேர்ந்தேன். மிதிவண்டிச் செயினைக் கழற்றி மாட்டும் கை இருந்ததால் ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே பாடத்தை ஆறு மாதம் சொன்னார்கள்: துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே இரண்டு முறை பார். திரும்பி வந்து இந்த அறையில் உட்கார்ந்தேன். இடது காது கேட்காமல் போன பிறகு, ஐம்பத்து மூன்றாவது வயதில், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் நடந்ததுதான் கதை.

எங்கள் அறையில் முப்பத்தொரு ரிவால்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் ஓர் எண் அடித்திருக்கும். அதிகாரிகள் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட மோசம். பளபளப்பாக இருப்பது யாருக்கு என்பதில்தான் போட்டி. சீனியாரிட்டிப்படி வந்து, நிறம் போகாததாகப் பார்த்து எடுப்பார்கள். கடைசியில் வருபவருக்கு மிச்சம்.

பளபளப்பில் முதலிடம் நாலாம் எண்ணுக்கு. அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதுதான் போகும். ஆயுத பூஜையில் நடுநாயகமாக அதற்குத்தான் சந்தனம், குங்குமம். கடைசி இடம் பதினேழுக்கு. அதன் பெயர் ‘சனியன்’. கருநிறம் தேய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி வெளுத்துப் போயிருக்கும். அதை வைத்திருந்த மூன்று பேரில் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார், ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவருக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடமாக ஒருவரும் தொடவில்லை.

எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டரை ஆர்.ஐ. அய்யா என்றுதான் சொல்வோம். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி, மேசைமேல் மல்லாத்தி வைப்பார். தொப்பி கவிழ்ந்திருந்தால் பேசலாம், மல்லாந்திருந்தால் பேசக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். பரேடில் அவர் ரிவால்வர் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் தாழை அழுத்தி, குண்டு போடும் உருளையான சிலிண்டரை வெளியே தள்ளுவார். ஆறு அறைகளையும் சூரியனுக்கு எதிரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு மணிக்கட்டை ஒரே உதறு. ‘சடக்’ என்று சிலிண்டர் உள்ளே போய் விழும். அந்தச் சத்தத்துக்கு வரிசை முழுதும் ஒரு அங்குலம் நிமிரும். அவரைப் பார்த்து எல்லாருமே அப்படித்தான் மூடினார்கள். ஆர்மரர் பயிற்சியில் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆனால் ஆர்.ஐ. அய்யாவிடம் போய் யார் சொல்வது? நானும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் சொல்லவில்லை.

அந்த வருடம் மண்டலத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. போட்டிக்கென்று தனித் துப்பாக்கி கிடையாது, தினமும் இடுப்பில் சுமக்கிற ரிவால்வராலேயே சுட வேண்டும். அதனால் ஆறு அங்குலக் குழல், அதாவது பேரல், வைத்த போட்டி ரிவால்வர்கள் வெளியே போயின. நீளமான பேரலில் குறி நன்றாகக் கிடைக்கும். ஆனால் ஜீப்பில் உட்கார்ந்தால் தொடையில் குத்தும், கூட்டத்தில் யார் கையிலாவது மாட்டும். இரண்டு அங்குலத்தைச் சட்டைக்குள் மறைக்கலாம், இருபத்தைந்து கஜத்தில் குறி வைக்க முடியாது. சுமக்கவும் வேண்டும், சுடவும் வேண்டும் என்றால் நாலு அங்குலம்தான். மாப்பிள்ளையும் நாலு அங்குலம், சனியனும் நாலு அங்குலம்.

ரிவால்வர் அணிக்கு ஆர்.ஐ. அய்யா நினைத்த ஆள் சப்-இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வி. ராயகிரிக்காரர், விவசாயக் குடும்பம். ரைபிளில் முந்திய வருடம் மாவட்டத்திலேயே முதல். அதனால் அவருக்கு மரியாதை செய்வதாக, சீனியாரிட்டியை மீறி மாப்பிள்ளையைக் கொடுத்தார்.

முதல் தேர்வில் பன்னிரண்டு குண்டு, அறுபது மதிப்பெண். முத்துச்செல்வி எடுத்தது இருபத்தொன்று. இரண்டு குண்டு இலக்கு அட்டையிலேயே படவில்லை.

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “மாப்பிள்ளையக் கெட்டிக் கொடுத்தும் குடும்பம் நடத்தத் தெரியலயே!”

சிரிப்பு அடங்கும்வரை ஆர்.ஐ. அய்யா காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எஸ்.ஐ. அம்மா, ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்து முடிஞ்சு வார சனிக்கிழமை இன்னொரு தடவ. அன்னைக்கும் இப்படின்னா, ரிவால்வருக்குத் தகுதி இல்லன்னு எழுதி, அத வாங்கி வச்சிருவேன்.”

அட்டையை எடுத்துக்கொண்டு முத்துச்செல்வி ஆயுத அறைக்கு வந்தார். கண் கலங்கவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

“ஏட்டையா, அணியில இடம் போனாப் போகட்டும். வெறும் இடுப்போட ஸ்டேஷனுக்குப் போய் நின்னா அதுக்கப்புறம் ஒருத்தனும் நான் சொல்லுதத கேக்க மாட்டான். எங்கன தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

நான் அட்டையைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். தப்பு செய்கிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு. வலக்கைக்காரர் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் குண்டுகள் எல்லாம் இடது பக்கம் கீழே போய் விழும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து முன்கூட்டியே தள்ளினால் எல்லாம் கீழே போகும். கை ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். இந்த அட்டையில் எந்தப் பழக்கமும் இல்லை. மேலே ஒன்று, வலது ஓரம் ஒன்று, இடது ஓரம் ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் சிதறின செருப்பு மாதிரி கிடந்தன.

“இது உங்க கை செஞ்ச தப்பு இல்லம்மா” என்றேன்.

அப்போது என் உதவிக் காவலர் காசி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். அன்று அவனுக்கு வேலை, சுடுகிறவருக்குப் பக்கவாட்டில் நின்று குண்டுகளை எண்ணுவது.

“அங்கன என்ன பூச்சியோ ஏட்டையா, கன்னத்துல ரெண்டு தடவ சுள்ளுன்னு கடிச்சிட்டு.”

வெளிச்சத்துக்கு வரச் சொல்லி அவன் கன்னத்தைப் பார்த்தேன். முள் முனையளவு ஈயத்துகள் ஒன்று தோலில் ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் செருகினேன்.

“பூச்சி இல்லலே, குண்டு” என்றேன். காசிக்கு முகம் வெளுத்துவிட்டது.

குண்டு முழுதாகப் பேரலுக்குள் போகாமல், ஓரத்தில் உரசி, சீவின துகளைப் பக்கத்தில் துப்பியிருக்கிறது. மாப்பிள்ளையைக் கழற்றினேன். பேரலின் அளவுக்குக் கடைந்த எஃகுக் கம்பி ஒன்று எங்களிடம் உண்டு. நல்ல ரிவால்வரில் அது பேரல் வழியாக இறங்கி, சிலிண்டர் அறைக்குள் தடையில்லாமல் போகும். மாப்பிள்ளையில் ஆறு அறைகளிலும் விளிம்பில் தட்டி நின்றது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மயிரிழை, மறுபக்கம் அதைவிட மூன்று மடங்கு. சிலிண்டரைத் தாங்கி வெளியே கொண்டுவருகிற இரும்புக் கை வளைந்திருந்தது. ஒரே நாளில் வளைந்ததில்லை. ஒவ்வொரு கண்காட்சியிலும், ஒவ்வொரு பரேடிலும், ‘சடக்’, ‘சடக்’ என்று பல வருடம் உதறி மூடியதால் வளைந்தது.

பதிவேட்டில் நாலாம் எண் பக்கத்தைத் திறந்தேன். பழுது: சிலிண்டர் தாங்கி வளைவு. நடவடிக்கை: பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்படுகிறது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதைக் காலியாக விட்டு, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஆர்.ஐ. அய்யாவின் அறைக்குப் போனேன். தொப்பி கவிழ்ந்துதான் இருந்தது.

அவர் அடிக்கோலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தார். காலிக் கட்டத்தில் கோல் நின்றது.

“இது என்ன வே, வெறுமனே விட்டிருக்கீரு?”

“அய்யா, மூடுத விதத்துல வளைஞ்சிருக்கு. மணிக்கட்ட உதறி மூடுனா நாள்பட நாள்பட வளையும்.”

“யாரு அப்படி மூடுதா?”

நான் தொப்பியைப் பார்த்தேன். அவர் தொப்பியை எடுத்தார், மல்லாத்தி வைத்தார்.

“பதினாலு வருசமா இங்கன இருக்கீரு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதோ?”

“அன்னைக்கே தெரியும் அய்யா. சொல்ல தைரியம் வரல.”

“இப்ப எங்க இருந்து வந்துச்சு?”

“அந்த அம்மா இடுப்புல இருந்து வாங்கி வச்சிருவேன்னு சொன்னீங்கள்லா. தப்பு துப்பாக்கியோடது அய்யா.”

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “சரி வே. எந்த ரிவால்வரக் கொடுக்கப் போறீரு?”

“பதினேழு.”

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “சனியனயா? நல்லாக் கொடும். சனிக்கிழமை அது சுட்டுச்சுன்னா இந்தக் கட்டத்துல என்ன எழுதணுமோ நானே எழுதுதேன். சுடலன்னா, வளைஞ்சது உம்ம புத்தின்னு எழுதி, உம்ம கேட் சென்ட்ரிக்கு அனுப்பிருவேன். போயிட்டு வாரும்.”

பதினேழை நான் பிடிவாதத்தில் தேர்ந்தெடுக்கவில்லை. என் குறிப்பேட்டில் அதன் வரலாறு இருந்தது. சஸ்பெண்ட் ஆனவர், ரோல் காலுக்கு மூன்று நாள் வராததால் சஸ்பெண்ட் ஆனார். மாற்றலாகிப் போனவர், மாற்றல் வேண்டும் என்று தானே மனுப் போட்டவர். கை முறிந்தவர், மாமனார் வீட்டு மாடிப்படியில் விழுந்தவர். அதைவிட முக்கியம், மூன்று பேருமே சுடுதளத்துக்கு அதிகம் போகாதவர்கள். இடுப்பில் கிடந்து உறையில் உரசி வெளியே தேய்ந்த துப்பாக்கி அது. வெளியே தேய்ந்தால் சுமந்த அடையாளம். உள்ளே தேய்ந்தால்தான் சுட்ட அடையாளம். எங்கள் ஆட்கள் வெளியைப் பார்த்தே முப்பது வருடம் தேர்ந்தெடுத்தார்கள்.

முத்துச்செல்வி முன்னால் அதை மேசையில் வைத்தேன். அவர் தொடாமல் பார்த்தார்.

“இத எடுத்தா சஸ்பென்ஷன்னு சொல்லுதாங்க ஏட்டையா.”

மூன்று பேர் கதையையும் வாசித்துக் காட்டினேன். மாமனார் வீட்டுப் படிக்கட்டு வந்தபோது சிரித்துவிட்டார். “சரி. அப்படியே சஸ்பென்ஷன் வந்தாலும் ஆறு மாசம் பிள்ளைகூட வீட்ல இருப்பேன். கொடுங்க.”

முதலில் நான் இரண்டு முறை பார்த்தேன், அவரை இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். ஆறு அறையும் காலி. பிறகு அவர் கையில் பொருத்திப் பார்த்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை, பிடியின் உச்சியில் போய் ஒட்ட வேண்டும். பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படிப் பிடித்தபடியே விரல் ட்ரிகருக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் பிடி பருமன். விரல் எட்டுவதற்காக அவர் கையையே திருப்பிப் பிடித்திருந்தார். பதினேழின் பழைய மரப்பிடி தேய்ந்து ஒல்லியாக இருந்தது. விரல் நுனிச் சதை ட்ரிகரின் நடுவில் தானாக வந்து உட்கார்ந்தது.

அடுத்து, பேரலின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் தாளைக் காட்டி, வாய்வழியாகப் பார்த்தோம். குண்டைச் சுழற்றி விடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக, கண்ணாடி போல இருந்தன. குண்டின் பின்பக்கம் அடிக்கிற ஹேமரை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துப் பார்த்தேன். ஆறு அறையும் தன் இடத்தில் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டன. கம்பி ஆறிலும் தடையில்லாமல் இறங்கியது. ட்ரிகரில் எடைக்கற்களைத் தொங்கவிட்டேன். ஹேமரை இழுத்து வைத்தால் மூன்றரைப் பவுண்டு. இழுக்காமல் நேராகச் சுட்டால் பதினொன்று. மாப்பிள்ளைக்கு அது பதினான்கு. பலமாக இழுக்க வேண்டியிருந்தால் பலமான துப்பாக்கி என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள்.

“மூடும்போது ரெண்டு கை” என்றேன். “இடக்கைக் கட்டைவிரலால தள்ளுங்க. தூங்குத பிள்ளை இருக்கிற அறைக்கதவ சாத்துத மாதிரி.”

சுமந்து பார்க்காமல் ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியில் முத்துச்செல்விக்குக் காலை ஐந்து மணியிலிருந்து பந்தோபஸ்து. எனக்கும் அங்கேதான். எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாயங்காலம் சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில் விவசாயிகள் பருத்தியும் மிளகாய் வற்றலும் பயறும் அள்ளி வீசுவார்கள். தரையில் விழுந்ததை எடுக்கக் குனிந்தவர்களை நிமிர்த்தி அனுப்புவதே அன்று அவருக்கு வேலை. கூட்டம் கலைந்ததும் டீக்கடை ஓரம் வந்து நின்றார்.

“எப்படி இருக்கு?”

“இருக்குன்னே மறந்துட்டேன் ஏட்டையா. உக்காரும்போது மட்டும் விலாவுல இடிக்கு.”

உறையை இரண்டு விரற்கடை கீழே இறக்கினால் சரியாகும் என்று குறித்துக்கொண்டேன். பக்கத்து ஸ்டேஷனுக்குள் போய், ரிவால்வரை எடுத்துக் காலி செய்து பார்த்தோம். உறைக்குள்ளிருந்து ஒரு மிளகாய் வற்றல் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்ததைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. ஹேமர் வந்து அடிக்கிற பிளவில் ஒரு கொத்துப் பருத்திப் பஞ்சு. அந்த நிலையில் சுட்டிருந்தால் அடி மெத்தையில் விழுந்திருக்கும், குண்டு வெடித்திருக்காது. சாமணத்தால் பஞ்சை எடுத்தேன்.

“சனிக்கிழமை காலையில மறுபடி பாக்கணும்” என்றார் அவர், நான் சொல்வதற்கு முன்பே.

சனிக்கிழமை காற்று இல்லை. இருபத்தைந்து கஜம். வரிசை முழுதும் வேடிக்கைக்கு வந்து நின்றது. காசி இந்த முறை நாலடி தள்ளியே நின்றான். முதல் ஆறு குண்டு நிதானமாக, ஹேமரை இழுத்து வைத்துச் சுட வேண்டும். அடுத்த ஆறும் வேகமாக, ஹேமரைத் தொடாமல்.

முத்துச்செல்வி ஆறு குண்டையும் போட்டார். இடக்கைக் கட்டைவிரலால் சிலிண்டரைத் தள்ளினார். சத்தமே இல்லை. “மூடவே இல்லையோ?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆர்.ஐ. அய்யா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறும் முடிந்தது. தூரத்திலிருந்து அட்டையில் ஒரே ஓட்டைதான் தெரிந்தது. “ஒண்ணுதான் பட்டிருக்கு” என்றது அதே முணுமுணுப்பு. முத்துச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி நிரப்பினார், மறுபடி சத்தமில்லாமல் மூடினார், கட்டளை வந்ததும் ஆறையும் ஒரே தாளத்தில் சுட்டார்.

ஆர்.ஐ. அய்யா தாமே அட்டைக்கு நடந்து போனார். பென்சில் முனையை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து எண்ணினார். முதல் ஆறும் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்ததில் ஓட்டை ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு முறை எண்ணிவிட்டு, அங்கிருந்தே சொன்னார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அம்பத்தேழு!”

அதுவரை எங்கள் அணியில் யாரும் ஐம்பத்திரண்டைத் தாண்டியதில்லை. காசி விசிலடித்தான், யாரும் தடுக்கவில்லை. முத்துச்செல்வி முதலில் ரிவால்வரைக் காலி செய்து, இரண்டு முறை பார்த்து, என்னிடம் நீட்டினார். பிறகுதான் சிரித்தார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

ஆர்.ஐ. அய்யா வந்து பதினேழைக் கேட்டார். தாழை அழுத்தினார், சிலிண்டரைத் தள்ளினார், ஆறு அறைகளையும் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு மேலே போனது. வரிசை வழக்கம் போல நிமிர்ந்தது. பாதியில் கை நின்றது. இறங்கி வந்தது. இடக்கையைக் கொண்டுவந்து, கட்டைவிரலால் மெல்லத் தள்ளி மூடினார்.

“பதிவேட்டக் கொண்டாரும் வே.”

ஜீப் பானட்டில் வைத்து, தம் பேனாவால் அந்தக் கட்டத்தில் எழுதினார்: ‘என் கைப்பழக்கம்.’ கீழே முழுக் கையெழுத்து, பதவி, தேதி. தலையைத் தூக்காமலேயே கேட்டார்: “இனிமே என்னத்தையாவது பதினாலு வருசம் மூடி வைப்பீரா?”

“மாட்டேன் அய்யா.”

மண்டலப் போட்டியில் முத்துச்செல்வி தங்கம் வாங்கினார். திங்கட்கிழமை பரேடில் ஆர்.ஐ. அய்யா எல்லாரையும் இரண்டு கையால் மூடிக் காட்டச் சொன்னார். அந்த வருட ஆயுத பூஜையில் நடுவில் பதினேழு இருந்தது. சந்தனத்தைப் பிடியில் மட்டும் வைக்கச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். ‘சனியன்’ என்ற பெயர் எப்போது போனது என்று குறிப்பேட்டில் இல்லை. அந்த மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் எங்குமே வரவில்லை.

இவ்வளவையும் எழுதி, நேற்று சுடலைமுத்துவுக்கு அனுப்பினேன். இன்று காலை போன் செய்தார்.

“வாசிச்சேன் ஏட்டையா. கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்துல என்ன போடட்டும்?”

“அய்யா எழுதினத அப்படியே போடுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க.”

“சரி. இன்னொரு விஷயம். இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வி மேடம் இன்னைக்குத்தான் பதினேழ ஒப்படைச்சாங்க. பன்னெண்டு வருசத்துல ஒரு சஸ்பென்ஷன்கூட வரலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. உறையில ஒரு மிளகாய் வத்தலப் போட்டுக் கொடுத்திருக்காங்க, ஏன்னு தெரியல.”

“எனக்குத் தெரியும்” என்றேன். “பதினேழு இப்ப கையில இருக்கா?”

“இருக்கு. காலிதான், ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“மூடுங்க, கேப்போம்.”

போனை வலது காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, உற்றுக் கேட்டால் மட்டுமே கேட்கிற அளவில், ‘டிக்.’